இபிஏபிஎக்ஸ் பராமரிப்பு: பேக்கப் யார் கையில் இருக்கிறது?

கிண்டியில் இருந்து ஒரு வாசகர் கேட்டது:

"எங்கள் கம்பெனியில் 96 எக்ஸ்டென்ஷன் உள்ள இபிஏபிஎக்ஸ், அதாவது ஆபீஸுக்குள்ளேயே இருக்கும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஒன்பது வருடமாகத் தொந்தரவு இல்லாமல் ஓடுகிறது. ஏஎம்சிக்காரர் (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர்) மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ப்ளோயர் அடித்துவிட்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார். ப்ரோகிராமில் நாங்கள் எதையும் மாற்றுவதில்லை. மாறாத டேட்டாவுக்கு பேக்கப் எதற்கு? தனியாக மெனக்கெட வேண்டுமா?"

28 செப்டம்பர் 2024

வேண்டும். எதையும் மாற்றவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட இடம் மாறி உட்காரவில்லையா? புது மேனேஜருக்கு எஸ்டிடி திறந்துவிடவில்லையா? ரிசப்ஷனில் எடுக்காவிட்டால் பக்கத்து டேபிளில் அடிக்கட்டும் என்று யாரும் கேட்கவில்லையா? ஒவ்வொன்றும் மெஷினுக்குள் ஒரு மாற்றம்தான். வந்தவர் லேப்டாப்பை மாட்டி ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுப் போயிருப்பார். உங்களுக்கு ஞாபகம் இருக்காது, மெஷினுக்கு இருக்கும். மெயின் கார்டு போய்விட்டால் அதற்கும் இருக்காது.

அடுத்த முறை அவர் வரும்போது, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். கடைசி பேக்கப் எந்தத் தேதியில் எடுத்தது, அந்த ஃபைல் இப்போது எங்கே இருக்கிறது, அதைத் திறக்கும் சாஃப்ட்வேர் எந்த வெர்ஷன், அட்மின் பாஸ்வேர்டு என்ன. "ஆபீஸில் இருக்கிறது சார்" என்று சொன்னால், யாருடைய ஆபீஸ் என்று கேளுங்கள். அவருடைய ஆபீஸ் என்றால், உங்களிடம் பேக்கப் இல்லை என்று அர்த்தம்.

29 செப்டம்பர்

மாறாத டேட்டா என்றதும் 2021 ஜனவரி ஞாபகம் வந்தது. அந்த மாதம் 15ஆம் தேதியில் இருந்து லேண்ட்லைனில் மொபைலுக்கு அடித்தால் முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்தது. வெளி லைன் எடுக்கவே 0 அழுத்தும் ஆபீஸ்களில் அது இரண்டு 0 ஆனது. நூறு பேரிடம் சொல்லிப் பழக்குவதைவிட மெஷினில் எழுதுவது சுலபம். அதனால் பல இடங்களில் டயலிங் டேபிளில் (எந்த எண்ணை எப்படி வெளியே அனுப்புவது என்று மெஷினில் இருக்கும் பட்டியல்) 0 தானாகச் சேரும்படி செய்துவிட்டோம்.

9, 8 என்று ஆரம்பிக்கும் எண்களில் சிரமம் இல்லை. 6க்குத்தான் கவனம் தேவை. 6இல் தொடங்கும் பத்து இலக்க மொபைலும் உண்டு, சென்னையில் 6இல் தொடங்கும் எட்டு இலக்க லேண்ட்லைனும் உண்டு. முதல் இலக்கத்தைப் பார்த்ததுமே 0 சேர்த்தால் லேண்ட்லைன் போகாது. எட்டு இலக்கம் வந்த பிறகு மெஷின் சில நொடி காத்திருந்து, இன்னும் இரண்டு வருகிறதா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு நேரமும் ஒரு செட்டிங்தான். அதுவும் பேக்கப்பில் இருக்க வேண்டும்.

புரசைவாக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் நடந்தது. மெயின் கார்டு போனது. மாற்றுக் கார்டு போட்டு, கையில் இருந்த பேக்கப்பை ஏற்றினார்கள். வார்டு, லேப், பார்மசி எல்லா எக்ஸ்டென்ஷனும் டாண் என்று வந்துவிட்டன. வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்கு டியூட்டி டாக்டரின் மொபைலுக்கு நர்ஸ் வார்டு போனில் இருந்து அடிக்கிறார், போகவே இல்லை. ஏற்றியது 2019இல் எடுத்த ஃபைல். 0 சேர்க்கும் வரி அதில் எப்படி இருக்கும்? அந்த நர்ஸ் சொந்த மொபைலில் கூப்பிட்டு நிலைமையைச் சமாளித்தார். காலையில் போய் நான் சேர்த்தது ஒரே ஒரு வரி.

ரீஸ்டோர் செய்துவிட்டு இன்டர்காம் மட்டும் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பக் கூடாது. உள்ளூர் லேண்ட்லைன், மொபைல், 6இல் தொடங்கும் மொபைல், எஸ்டிடி, வெளியில் இருந்து உள்ளே வரும் கால், அப்புறம் 108, 112 போக அனுமதி இருக்கிறதா என்பது வரை பாருங்கள். கடைசி இரண்டையும் டேபிளில் சரிபார்த்தால் போதும், சோதனைக்காக அவர்களுக்கு அடித்துத் தொல்லை கொடுக்க வேண்டாம்.

29 செப்டம்பர், இரவு

பழைய பேக்கப்பில் இன்னொரு ஆபத்து. வேலையை விட்டுப் போனவருக்குத் திறந்திருந்த ஐஎஸ்டியும் அதோடு உயிர்பெற்று வரும். நடுவில் மாற்றிய பாஸ்வேர்டு போய் பழைய 1234 திரும்ப வந்து உட்காரும். வெளியில் இருந்து கூப்பிட்டு உள்ளே வழியாக வெளி லைன் எடுக்கும் வசதி திறந்திருந்தால், சனி, ஞாயிறு இரண்டு நாளில் வெளிநாட்டுக் கால்களில் பெரிய பில் ஏறிவிடும். ரீஸ்டோர் முடிந்ததும் ஐஎஸ்டி யார் யாருக்கு இருக்கிறது என்ற பட்டியலை அச்செடுத்துப் பாருங்கள்.

30 செப்டம்பர்

சேவ் செய்வது வேறு, பேக்கப் வேறு. பல மெஷின்களில் மாற்றம் முதலில் ஓடும் நினைவகத்தில் மட்டும் உட்காரும். அவாயா கம்யூனிகேஷன் மேனேஜரில் "சேவ் டிரான்ஸ்லேஷன்" என்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். அதற்கு முன் பவர் போனால் அன்றைய வேலை போச்சு. அப்படிச் சேவ் செய்ததும் அதே மெஷினுக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுத்து வேறு இடத்தில் வைத்தால்தான் பேக்கப்.

2 அக்டோபர்

ப்ளோயர் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். தூசி தட்டுவது தேவைதான், ஆனால் அதுவே பராமரிப்பு ஆகிவிடாது. மெஷினின் கதவைத் திறந்து பார்ப்பவர்கள் பக்கத்துச் சுவரில் இருக்கும் எம்டிஎஃப் பெட்டியை (எல்லா லைன் ஒயர்களும் வந்து சேரும் இடம்) திறப்பதில்லை. கோளாறில் பாதி அங்கேதான்.

ராயபுரத்தில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆபீஸ். ஒரு எக்ஸ்டென்ஷனில் மட்டும் சாயங்காலம் ஆனால் கொரகொர சத்தம். போனை மாற்றினார்கள், கார்டை மாற்றினார்கள், சத்தம் போகவில்லை. எம்டிஎஃப் பெட்டியின் க்ரோன் பிளாக்கில் (ஒயர்களை அழுத்திச் செருகும் கட்டை) அந்த லைனின் ஜம்பர் ஒயரை மெல்ல இழுத்தேன், விரலோடு வந்துவிட்டது. செம்பு இருந்த இடத்தில் பச்சைப் பொடி. கடல் காற்றின் உப்பும் ஈரமும் செய்த வேலை. பகல் முழுக்க ஏசி ஓடி அறை காய்ந்திருக்கும்போது எப்படியோ தொட்டுக்கொண்டு பேசியது, ஐந்தரைக்கு ஏசியை நிறுத்தியதும் ஈரம் ஏறி சத்தம் வந்தது. ஒயரின் நுனியை வெட்டிப் புதிதாகப் பன்ச் செய்ததும் லைன் சுத்தமானது. பன்ச்சிங் டூலுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவரால் ஒயரை அழுத்துபவர்களை அந்தப் பெட்டியைத் தொட விடாதீர்கள். க்ரோன் பிளாக்கின் வெட்டு வாய் விரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஒயரையும் பிடிக்காது.

பேட்டரி. 48 வோல்ட் மெஷின் என்றால் 12 வோல்ட் பேட்டரி நான்கு வரிசையாக இருக்கும். மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்த்து 54 வருகிறது, சரி என்று மூடிவிடுகிறார்கள். நான்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும். சார்ஜில் இருக்கும்போது ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13.5 முதல் 13.8 வரை காட்ட வேண்டும். ஒன்று 12.4இல் நின்று மற்றவை 14ஐத் தாண்டினால், அந்த ஒன்று மற்ற மூன்றையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருக்கிறது. அளந்த பிறகு மெயின் சப்ளையை நிறுத்தி அரை மணி நேரம் பேட்டரியிலேயே ஓட்டிப் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகிறது என்பது பொதுவான கணக்கு. மாடிப்படிக்குக் கீழே ஏசி இல்லாத அறையில் வைத்துவிட்டு, ஐந்து வருடம் வரும் என்று கம்பெனி சொன்னதே என்று சண்டை போட்டுப் பயனில்லை. சென்னை மே மாதத்துக்கு அந்த ஐந்து வருடக் கணக்கு எழுதப்படவில்லை.

4 அக்டோபர்

மெஷினுக்குள் இருக்கும் சின்ன பேட்டரியைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. காசு மாதிரி வட்டமாக, பெரும்பாலும் சிஆர் 2032. கடிகாரம் அதில்தான் ஓடுகிறது. பழைய மெஷின்கள் சிலவற்றில் மொத்த ப்ரோகிராமும் அதை நம்பித்தான் இருக்கிறது. அது தீர்ந்த பிறகு ஒருமுறை பவர் போய் வந்தால் தேதி 2000 ஜனவரி 1க்குப் போய்விடும், பகல் பதினோரு மணிக்கு "அலுவலகம் மூடியுள்ளது" என்ற குரல் கேட்கும். ப்ரோகிராமும் அதில் இருந்தால் எக்ஸ்டென்ஷன் எண்களெல்லாம் தொழிற்சாலையில் போட்டபடி திரும்பிவிடும். பேட்டரி விலை நூறு ரூபாய்கூட வராது. ஆனால் மாற்றுவதற்கு முன் பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். எந்த வேலைக்கும் அதுதான் முதல் வேலை. மெஷினைத் தொடும் முன் ஃபைலை எடு, அப்புறம் ஸ்க்ரூவைக் கழற்று.

5 அக்டோபர்

கார்டின் தங்க முலாம் பூசிய காண்டாக்ட்டை ரப்பரால் தேய்க்கலாமா என்று பெரம்பூர் நண்பர் கேட்கிறார். நான் தேய்க்க மாட்டேன். ரப்பர் முலாமையும் சேர்த்துத்தான் எடுக்கிறது, தூளும் ஸ்லாட்டுக்குள் விழுகிறது. காண்டாக்ட் கிளீனரும் பஞ்சு வராத துணியும் போதும். கார்டைத் தொடும்போது கையில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள்.

9 அக்டோபர்

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. நாளைக்கே எல்லா ஆபீஸிலும் மெஷினைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வருடத்தில் ஒருநாள் நிர்வாகமே முன்வந்து மெஷினை நிறுத்தச் சம்மதிக்கும் நாள் இது, நல்ல வாய்ப்பு. ஆனால் வருடக்கணக்கில் நிற்காமல் ஓடிய மெஷின் நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்கும் என்று உறுதி இல்லை. பவர் சப்ளையில் இருக்கும் கெபாசிட்டர்கள் சூட்டில் காய்ந்துபோயிருக்கும். ஓடும் வரை ஓடும், ஆறிப்போனால் மறுபடி கிளம்பத் திராணி இருக்காது. அதனால் நிறுத்துவதற்கு முன் பேக்கப், வேறு பவர் சப்ளை கிடைக்குமா என்று ஒரு விசாரிப்பு, ஏஎம்சிக்காரரிடம் "அன்றைக்கு போன் எடுப்பீர்களா" என்று ஓர் உறுதி. மூன்றும் வேண்டும்.

சந்தனம், குங்குமம் கதவின் வெளிப்பக்கத்தில் வையுங்கள். காற்று போகும் துளைகளின் மேல் வேண்டாம். சாம்பிராணி போடும்போது ஃபேன் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புகை உள்ளே போனால் தூசியோடு சேர்ந்து பிசினாகப் படிந்துவிடும், ப்ளோயருக்கும் வராது. ஈரத்துணியால் துடைப்பவர் பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள்.

13 அக்டோபர்

நேற்று விஜயதசமி அன்று அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்து ஒரு அம்மா எழுதியிருந்தார், அட்மின் வேலை பார்ப்பவர். பூஜை முடிந்து ஆன் செய்தால் மெஷினில் சிவப்பு விளக்கு மட்டும். பவர் சப்ளைதான். முந்தைய நாள் இங்கே படித்துவிட்டு பேக்கப் எடுத்து வைத்திருந்தார், நல்லவேளை அது தேவைப்படவில்லை. ஆனால் ஒன்று கேட்டார்: பவர் இல்லாதபோதும் செக்யூரிட்டி ரூம் போன் மட்டும் வேலை செய்தது எப்படி? பவர் ஃபெயில் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு வசதி. மெஷின் செத்தால் ஒரு ரிலே விழுந்து, வெளி லைன் ஒன்றை நேராக ஒரு எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுத்துவிடும். தாமிர ஒயரில் வரும் சாதா லைனுக்குத்தான் இது. உங்கள் மெஷினில் எந்த எக்ஸ்டென்ஷனுக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்தப் போனில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

15 அக்டோபர்

மழை. ரெட் அலர்ட். வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார் நிற்கிறது, 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இனி காரைக் கீழே விட மாட்டார்கள். தரைத்தளத்தில் மெஷினோ எம்டிஎஃப்போ இருப்பவர்கள் இன்றைக்கே பேக்கப் பென் டிரைவை மேல்மாடிக்கு எடுத்துப் போங்கள், ஒரு பிரதியை மெயிலில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளுங்கள். தண்ணீர் உள்ளே வந்தால் மெயின் சப்ளை, பேட்டரி இரண்டையும் பிரியுங்கள். நனைந்த மெஷினை "ஓடுகிறதா பார்ப்போம்" என்று ஆன் செய்யாதீர்கள். காய்ந்த கார்டைப் பல நேரம் காப்பாற்ற முடிகிறது, ஈரத்தில் கரண்ட் பாய்ந்த கார்டை முடிவதில்லை.

17 அக்டோபர்

எர்த் பற்றி. ஒரு வாசகர் நேற்று மழையோடு அளந்து பார்த்து ஒரு ஓமுக்கும் கீழே வந்தது, பிரமாதம் என்கிறார். மழையில் எந்த எர்த் குழியும் பிரமாதமாகத்தான் காட்டும். மண் காய்ந்து வெடித்திருக்கும் அக்னி நட்சத்திரத்தில் அளந்து பாருங்கள், அதுதான் உண்மையான எண். ஆனால் இடி விழுவது மழையோடுதானே என்று அவர் கேட்பது நியாயமான கேள்வி. முதல் கோடை மழையின் இடி காய்ந்த மண்ணின் மேல்தான் விழுகிறது. வெளி லைன் வரும் க்ரோனில் செருகியிருக்கும் கேஸ் ட்யூப், எர்த் நன்றாக இருந்தால்தான் அந்த அதிர்ச்சியைக் கீழே இறக்கும். எர்த் இல்லாவிட்டால் அதை வெளி லைன் சேரும் ட்ரங்க் கார்டு வாங்கிக்கொள்ளும். ஒருமுறை அடி வாங்கிய ட்யூப் வெளியே பார்க்க முழுசாகத்தான் இருக்கும், மழைக்காலம் முடிந்ததும் சோதித்து மாற்றுங்கள்.

22 அக்டோபர்

"நாங்கள் ஐபிக்கு மாறிவிட்டோம், விர்ச்சுவல் மெஷினில் ஆஸ்டரிஸ்க் என்ற எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்வேர், தினமும் ஸ்னாப்ஷாட் என்ற முழுப் பிரதி, இதெல்லாம் எங்களுக்கு இல்லை" என்று ஓஎம்ஆரில் இருந்து ஒருவர்.

இருக்கிறது. ஸ்னாப்ஷாட் அதே சர்வரின் டிஸ்க்கில் இருந்தால் டிஸ்க்கோடு போய்விடும். கான்ஃபிகரேஷன் ஃபைல்கள் ஓரிடம், வாய்ஸ்மெயில் ஓரிடம், ஐவிஆர் (தானாகப் பேசி வழிகாட்டும்) குரல் ஃபைல்கள் ஓரிடம், கால் விவரப் பதிவு டேட்டாபேஸில். நான்கும் வருகிறதா பாருங்கள். லைசென்ஸ் மெஷினின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டிருந்தால் புது சர்வரில் பேக்கப் ஏறும், லைசென்ஸ் ஏறாது. நெட்வொர்க் ஸ்விட்சின் விலேன் (நெட்வொர்க்கைப் பகுதிகளாகப் பிரிக்கும்) செட்டிங்கும் ரூட்டரின் செட்டிங்கும் உங்கள் டெலிபோன் சிஸ்டத்தின் பாதி. அந்த ஃபைல்களை யாராவது எடுக்கிறார்களா? ரீஸ்டோர் செய்த சர்வரை 5060 போர்ட் (ஐபி போன் கால்கள் வரும் வாசல்) திறந்தபடி இன்டர்நெட்டில் விட்டால், அன்றிரவே யாராவது பாஸ்வேர்டு போட்டுப் பார்க்க ஆரம்பித்திருப்பார்கள், லாகைத் திறந்தால் தெரியும்.

குரல் ஃபைல் என்றதும் இன்னொன்று. பழைய மெஷின்களில் வரவேற்புக் குரல் தனிக் கார்டில் இருக்கும், சாதாரண பேக்கப்பில் வராது. பணம் கொடுத்து ஸ்டுடியோவில் பேச வைத்த தமிழ்க் குரலின் மூல ஃபைல் எந்த ஆபீஸிலும் கிடைப்பதில்லை. கடைசியில் செக்யூரிட்டியைப் பேச வைத்துப் பதிவு செய்கிறார்கள். ஸ்டுடியோவில் கொடுத்த ஃபைலை வாங்கி பேக்கப் ஃபோல்டரிலேயே போட்டு வையுங்கள்.

26 அக்டோபர்

சாஃப்ட்வேர் வெர்ஷன் ஏன் முக்கியம் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நார்டெல் 2009இல் திவாலானது. பானாசோனிக் 2022இல் இந்தத் தொழிலில் இருந்து விலகுவதாக அறிவித்தது. மெஷின் ஓடும், கம்பெனியின் டவுன்லோட் பக்கம் இருக்காது. சில பழைய மெஷின்களின் ப்ரோகிராமிங் சாஃப்ட்வேர் விண்டோஸ் எக்ஸ்பியில்தான் திறக்கும், ஆர்எஸ்-232 என்ற பழைய சீரியல் போர்ட் கேட்கும். மலிவான யூஎஸ்பி கன்வெர்ட்டரில் போலி சிப் இருந்தால் புது விண்டோஸ் டிரைவர் அதை ஏற்காது. அதனால் ஃபைலோடு இன்ஸ்டாலர், கேபிள், ஓடும் என்று பார்த்து வைத்த பழைய லேப்டாப் எல்லாமே பேக்கப்தான். லேப்டாப்பை எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் போட்டுவிடாமல் ஐடி ஆட்களிடம் சொல்லி வையுங்கள்.

6 நவம்பர்

மெஷினில் எடுக்க முடியாத ஒரு பேக்கப் உண்டு. மவுண்ட் ரோடில் ஒரு பழைய கம்பெனியில் ஆப்பரேட்டர் அம்மா ஒருவர் நீள நோட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வரியிலும் எக்ஸ்டென்ஷன், ஆள், மாடி, க்ரோனில் எத்தனையாவது ஜோடி. ஆள் மாறினால் சிவப்பு மையில் அடித்துப் பக்கத்தில் தேதியோடு புதுப் பெயர். ஓரம் மடங்கி, எண்ணெய்க் கறை ஏறி, பாதிப் பக்கம் செல்லோடேப்பில் நின்றது. மூன்றாம் மாடியைப் புதுப்பிக்கும்போது ஆசாரி கேபிளை அறுத்துவிட, முப்பதுக்கு மேல் லைன் செத்தது. மெஷினின் பேக்கப் ஃபைல், எக்ஸ்டென்ஷன் 214 எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று சொல்லும். சுவருக்குள் போகும் வெள்ளை நீல ஜோடி யாருடைய மேஜைக்குப் போகிறது என்று சொல்லாது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிக்க வாசிக்க, நான் டெஸ்ட் போனோடு ஒவ்வொரு ஜோடியாகக் கட்டினேன். சாயங்காலத்துக்குள் அத்தனையும் பேசின. அவர் ரிட்டையர் ஆவதற்கு முன் அந்த நோட்டை எக்செல்லில் ஏற்றச் சொல்லி நிர்வாகத்தை நச்சரித்தேன், ஏற்றினார்கள்.

உங்கள் எம்டிஎஃப் கதவின் உள்பக்கத்தில் அப்படி ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறதா? அதில் கடைசித் தேதி என்ன?

1 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் நேற்றிரவு புதுச்சேரி பக்கம் கரையேறியது. இங்கே விமான நிலையமே மூடிக் கிடந்தது. முதல் கேள்வியைக் கேட்ட கிண்டி நண்பர் எழுதியிருக்கிறார். மழைக்கு முன்பே கேட்டாராம். ஏஎம்சிக்காரரிடம் இருந்தது 2017 ஃபைல். புதிதாக எடுக்கச் சொன்னால் எடுத்துக் கொடுத்தார், பாஸ்வேர்டு மட்டும் தர மறுக்கிறார், "நீங்கள் ஏதாவது தொட்டுக் கெடுத்தால் நாங்கள் பொறுப்பில்லை" என்று.

அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அட்மின் பாஸ்வேர்டு பத்துப் பேர் கைக்குப் போன ஆபீஸில் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். மூடிய கவரில் எழுதி, இரு தரப்பும் மேலே கையெழுத்துப் போட்டு, அக்கவுண்ட்ஸ் பெட்டகத்தில் வைக்கச் சொல்லுங்கள். கவர் பிரிந்திருந்தால் அவர் பொறுப்பில்லை, பிரியாதிருந்தால் அவர் பொறுப்பு. பெரும்பாலானவர்கள் இதற்கு ஒப்புக்கொள்கிறார்கள்.

4 டிசம்பர்

கவருக்கு ஒப்புக்கொண்டாராம். ஒப்பந்தம் ஏப்ரலில் புதுப்பிக்க வருகிறது, என்ன எழுதச் சொல்வது என்று கேட்கிறார். நான் என் வாடிக்கையாளர்களுக்கு எழுதிக் கொடுப்பது இது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"ஒவ்வொரு காலாண்டு வருகையிலும், ப்ரோகிராமில் மாற்றம் செய்யும் ஒவ்வொரு முறையும், முழு பேக்கப் எடுத்து, தேதியிட்ட ஃபைலை வாடிக்கையாளரின் மெயிலுக்கு அன்றே அனுப்ப வேண்டும். பேட்டரி வோல்ட்டேஜ் தனித்தனியாகவும், மே மாத வருகையில் எர்த் அளவும் ரிப்போர்ட்டில் எழுதப்பட வேண்டும். வருடம் ஒருமுறை, விடுமுறை நாளில், வாடிக்கையாளர் முன்னிலையில் பேக்கப்பை மெஷினில் ரீஸ்டோர் செய்து, வெளிக் கால்களைச் சோதித்துக் காட்ட வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால் சாஃப்ட்வேர், லைசென்ஸ் விவரம், பாஸ்வேர்டு மூன்றையும் ஏழு நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும்."

மூன்றாவது வரிக்குக் கூடுதலாகப் பணம் கேட்பார்கள். ஒருநாள் கூலிக்கு மேல் போகாமல் பேசி முடியுங்கள், ஆனால் அந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள். ரீஸ்டோருக்கு ஆயுத பூஜை அன்று வேண்டாம். அன்றைக்கு ஏதாவது ஆனால் பார்ட்ஸ் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடை திறந்திருக்காது. ஏதாவது ஒரு இரண்டாம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.